அமெரிக்கத் தபாலை ஊரிலிருந்தே பார்த்துக்கொள்ள: விர்ச்சுவல் மெயில்பாக்ஸ் தொடங்குபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

நியூஜெர்சியில் பதினொரு வருஷம் இருந்துவிட்டு, அப்பாவுக்கு உடம்பு முடியாமல் போனதும் நாகர்கோவில் வெட்டூர்ணிமடம் வீட்டுக்கே திரும்பி வந்தேன். கிளம்புகிற அவசரத்தில் காரை விற்றேன், அபார்ட்மென்ட் சாவியை ஒப்படைத்தேன், சாமான்களைக் கப்பலில் ஏற்றினேன். தபாலுக்கு மட்டும் ஒரு நண்பரின் வீட்டு முகவரியைக் கொடுத்தேன். "நான் பாத்துக்கிடுதேன், நீ கெளம்பு" என்றார். உண்மையிலேயே பார்த்தும் கொண்டார். ஆனால் அவருக்கும் வேலை, குழந்தைகள், இடையில் வீடு மாற்றம். ஒன்பது மாதம் கழித்து அவர் டெக்சாஸுக்கு மூட்டை கட்டும்போது சமையலறை டிராயரில் ஒரு கட்டுக் கவர்கள் கிடைத்தன. வாட்ஸ்அப்பில் படம் அனுப்பினார். மேலே இருந்தது அமெரிக்க மத்திய வரித்துறையான ஐ.ஆர்.எஸ். எழுதிய கடிதம். 30 நாளுக்குள் பதில் கேட்டிருந்தார்கள். அந்தத் தேதி எப்போதோ தாண்டிவிட்டது. கட்டின் அடியில் அதற்கு அடுத்த கடிதமும் இருந்தது.

விஷயம் பெரிதல்ல. விற்ற பங்குகளின் வாங்கிய விலை அவர்கள் கணக்கில் ஏறவில்லை, அவ்வளவுதான். சரியான நேரத்தில் ஒரு காகிதம் அனுப்பியிருந்தால் முடிந்திருக்கும். நான் கணக்காளர் ஒருவரைப் பிடித்து, கட்டணம் கொடுத்து, ஏழு மாதம் அலைந்து தீர்த்தேன். அப்போதுதான் ஒன்று தெரிந்தது. ஐ.ஆர்.எஸ்.ஸிடம் கடைசியாகப் பதிந்திருக்கும் முகவரிக்கு அவர்கள் கடிதத்தை அனுப்பிவிட்டாலே சட்டப்படி போதும். அது நம் கைக்குக் கிடைத்ததா இல்லையா என்பது கணக்கில் வராது. மின்னஞ்சலிலோ போனிலோ அவர்கள் முதல் தகவல் சொல்வதில்லை. எல்லாம் தபாலில்தான் தொடங்கும்.

நம் மாவட்டத்தில் இப்படி இரண்டு நாட்டுக்கு நடுவே வாழும் குடும்பங்கள் நிறைய. வேலை முடிந்து திரும்பியவர்கள், கிரீன் கார்டு வைத்துக்கொண்டு மகள் வீட்டுக்கும் இங்கேயுமாகப் போய்வரும் பெற்றோர், மார்த்தாண்டத்தில் உட்கார்ந்தபடி அமெரிக்காவில் சிறு கம்பெனி பதிந்து மென்பொருள் வேலை செய்யும் இளைஞர்கள். இவர்களில் பலர் இன்னும் யாரோ ஒருவரின் தயவில்தான் தபால் வாங்குகிறார்கள். அந்தத் தயவைக் குறை சொல்லவில்லை. ஆனால் 30 நாள் கெடு உள்ள காகிதத்தை ஒருவரின் சமையலறை டிராயருக்கு விட்டுவிடக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

இது என்ன, எப்படி வேலை செய்கிறது

வளைகுடாவில் இருந்தவர்களுக்கு எளிதாகப் புரியும். அங்கே பெரும்பாலும் வீட்டுக்குத் தபால் வராது; கம்பெனியின் பாக்ஸ் நம்பருக்கு வரும். யாராவது போய் எடுத்து வந்து பிரித்துக் கொடுப்பார்கள். விர்ச்சுவல் மெயில்பாக்ஸும் அதே மாதிரிதான். அமெரிக்காவில் ஒரு கடையோ அலுவலகமோ உங்கள் பெயருக்கு வரும் தபாலை வாங்கி, கவரின் முன்பக்கத்தைப் படம் பிடித்து, உங்கள் கணக்கில் ஏற்றும். அதைப் பார்த்து நீங்கள் சொல்ல வேண்டும்: பிரித்து ஸ்கேன் செய், வேறு முகவரிக்கு அனுப்பு, வைத்திரு, கிழித்துப் போடு. நீங்கள் சொல்லாமல் கவரைப் பிரிக்க மாட்டார்கள்.

இப்படி மற்றவர் தபாலை வாங்கும் கடைகளை அமெரிக்கத் தபால்துறை தனியாகப் பதிவு செய்து வைத்திருக்கிறது. சட்டப்பூர்வமான ஏற்பாடுதான், குறுக்குவழி இல்லை. இந்தப் பதிவு இருப்பதால் நன்மையும் உண்டு, ஒரு தொல்லையும் உண்டு. தொல்லையைப் பின்னால் வங்கிகள் பற்றிச் சொல்லும்போது பார்ப்போம்.

முதல் படி: பட்டியல் போடுங்கள்

சேவையைத் தேடுவதற்கு முன், உங்களுக்கு யாரெல்லாம் எழுதுகிறார்கள் என்று எழுதி வையுங்கள். எனக்கு எட்டுப் பேர் இருப்பார்கள் என்று நினைத்தேன். எழுதி முடித்தபோது இருபத்து மூன்று. வங்கி, கிரெடிட் கார்டு, 401கே ஓய்வூதியக் கணக்கு, பங்குத் தரகு நிறுவனம், ஐ.ஆர்.எஸ்., மாநில வரித்துறை, பழைய கம்பெனியின் சம்பளப் பிரிவு, மருத்துவக் காப்பீடு, கார் காப்பீடு, சோஷியல் செக்யூரிட்டி என்ற அரசின் சமூகப் பாதுகாப்புத் துறை, சுங்கச் சாலைக் கணக்கு, அபார்ட்மென்ட் நிர்வாகம் என்று நீண்டது.

இன்னும் அமெரிக்காவில் இருப்பவர்கள் இன்ஃபார்ம்ட் டெலிவரி என்ற இலவச வசதியில் இப்போதே சேர்ந்துவிடுங்கள். அமெரிக்கத் தபால்துறையே உங்களுக்கு வரப்போகும் கவர்களின் கறுப்பு வெள்ளைப் படத்தைக் காலையில் மின்னஞ்சலில் அனுப்பும். இரண்டு மாதம் பார்த்தால் பட்டியல் தானாக நிரம்பும். வருடத்துக்கு ஒருமுறை மட்டும் எழுதுகிறவர்கள் இதில் தப்பிவிடுவார்கள். அதற்குப் போன வருட வரிக் கோப்பைப் புரட்டுங்கள்.

பட்டியலில் காகிதம் இல்லாமலே முடிக்கக்கூடியவற்றை அப்போதே ஆன்லைன் ஸ்டேட்மென்ட்டுக்கு மாற்றிவிடுங்கள். மெயில்பாக்ஸ் கட்டணம் கவர் எண்ணிக்கையை வைத்துத்தான் ஏறும். பாதிக் கவர்களை இங்கேயே நிறுத்திவிட்டால் மிகச் சிறிய திட்டமே போதும்.

இரண்டாம் படி: சேவையைத் தேர்ந்தெடுப்பது

எனிடைம் மெயில்பாக்ஸ், ஐபோஸ்டல்1, டிராவலிங் மெயில்பாக்ஸ், போஸ்ட்ஸ்கேன் மெயில் எனப் பல இருக்கின்றன. எது நல்லது என்று நான் சொல்லப் போவதில்லை, உங்கள் தேவையைப் பொறுத்தது. தனிநபருக்கான சிறிய திட்டம் பெரும்பாலும் மாதம் 10 முதல் 20 டாலருக்குள் தொடங்கும். அந்த எண்ணைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். அதற்குள் எத்தனை கவர், எத்தனை பக்கம் ஸ்கேன், எத்தனை நாள் இலவசமாக வைத்திருப்பார்கள், கிழித்துப் போடத் தனிக் கட்டணமா என்று கீழே சிறிய எழுத்தில் இருக்கும். அதைப் படியுங்கள். இருபது பக்கக் காப்பீட்டுப் புத்தகம் ஒன்று வந்து, அதைத் தெரியாமல் ஸ்கேன் செய்யச் சொல்லிவிட்டால் அந்த மாதச் செலவு இரட்டிப்பாகும்.

சில நிறுவனங்கள் தங்கள் சொந்த அலுவலகத்திலேயே தபாலைக் கையாளும். சில, ஊர் ஊராக உள்ள தனித்தனிக் கடைகளோடு ஒப்பந்தம் போட்டு மென்பொருளை மட்டும் தரும். இரண்டாவது வகையில் நல்லது கெட்டது அந்தக் குறிப்பிட்ட கடையைப் பொறுத்தது. நான் முதலில் எடுத்த கடை ஒரே வருடத்தில் மூடிவிட்டது. இருபத்து மூன்று பேருக்கும் மறுபடி முகவரி மாற்ற வேண்டி வந்தது. அந்தக் கடை எத்தனை வருடமாக அதே இடத்தில் இருக்கிறது என்று பார்த்துவிட்டே இப்போது யாருக்கும் சொல்கிறேன்.

எந்த மாநிலம் என்பதும் யோசிக்க வேண்டியது. முன்பு குடியிருந்த மாநிலத்திலேயே முகவரியை வைத்தால், நீங்கள் இன்னும் அங்கேதான் வசிக்கிறீர்களா என்று அந்த மாநில வரித்துறை கேட்க இடம் கொடுத்தது போலாகலாம். டெக்சாஸ், புளோரிடா போன்ற மாநிலங்களில் தனிநபர் வருமான வரி கிடையாது என்பதால் பலர் அங்கே எடுக்கிறார்கள். தபால் முகவரி மட்டுமே வரிக் குடியிருப்பைத் தீர்மானிப்பதில்லை என்றாலும், வீண் கேள்வி வராமல் இருப்பது நல்லதுதானே.

மூன்றாம் படி: படிவம் 1583

எல்லோரும் மாட்டிக்கொள்ளும் இடம் இதுதான். அதனால் கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன்.

உங்கள் தபாலை இன்னொருவர் வாங்க அனுமதி கொடுக்கும் அமெரிக்கத் தபால்துறைப் படிவம் 1583. இதை நிரப்பி, நோட்டரி முன்போ அந்தக் கடையின் பணியாளர் முன்போ கையெழுத்திட வேண்டும். நேரில் முடியாதென்றால் வீடியோ அழைப்பிலும் செய்யலாம். இது முடியும்வரை உங்கள் தபாலைத் தபால்துறை அவர்கள் கையில் கொடுக்கக் கூடாது.

இரண்டு ஆவணம் வேண்டும். ஒன்று புகைப்படத்தோடு; நமக்கு இந்தியப் பாஸ்போர்ட் போதும். மற்றொன்று, படிவத்தில் எழுதிய வீட்டு முகவரியை உறுதிப்படுத்த. ஓட்டுநர் உரிமம், வாடகை ஒப்பந்தம், வீட்டு அல்லது வாகனக் காப்பீடு, வாகனப் பதிவு, வாக்காளர் அட்டை போன்றவை அந்த வகை. சோஷியல் செக்யூரிட்டி அட்டை, கிரெடிட் கார்டு, பிறப்புச் சான்றிதழ் இவற்றை ஏற்க மாட்டார்கள்.

நம் ஊர்க்காரர்களுக்குச் சிக்கல் வருவது எழுத்துக்கோவையில். என்னுடைய ஓர் ஆவணத்தில் மாவட்டத்தின் பெயர் ஆங்கிலத்தில் ஒரு 'என்' போட்டு 'கன்யாகுமரி' என்றும், இன்னொன்றில் இரண்டு 'என்' போட்டு 'கன்னியாகுமரி' என்றும் இருந்தது. வீட்டு எண்ணும் பழையது ஒன்று, புதியது ஒன்று. படிவத்தில் புதிய எண்ணை எழுதி, பழைய எண் உள்ள ஆவணத்தைக் காட்டினேன். வீடியோவில் இருந்த நோட்டரி மிகவும் மரியாதையாக, முடியாது என்றுவிட்டார். அதனால், எந்த ஆவணத்தை முகவரிக்காகக் காட்டப் போகிறீர்களோ அதில் உள்ளது உள்ளபடி, எழுத்துக்கு எழுத்து, படிவத்தில் எழுதுங்கள். 'விளை' என்று முடியும் ஊர்களை ஆங்கிலத்தில் நாலு விதமாக எழுதுகிறோம். எது சரி என்பது இங்கே கேள்வியே இல்லை. இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும்.

அடுத்தது பெயர். நமக்கு இனிஷியல்தான் வழக்கம், குடும்பப் பெயர் கிடையாது. பாஸ்போர்ட்டில் சர்நேம் இடம் காலியாக இருந்தால் அமெரிக்க விசாவில் முதல் பெயரின் இடத்தில் 'எஃப்.என்.யு.' (முதல் பெயர் தெரியவில்லை) என்று விழுந்திருக்கும். வங்கியில் ஒரு விதம், வரித்துறையில் அப்பா பெயரைச் சேர்த்து இன்னொரு விதம் என்று கவர்கள் வரும். படிவத்தில் பாஸ்போர்ட் பெயரை எழுதிவிட்டு, கணக்கில் 'இந்தப் பெயர்களிலும் எனக்குத் தபால் வரலாம்' என்று சேர்க்க வசதி இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லாவிட்டால் கடைக்காரர் இது உங்களுடையதல்ல என்று திருப்பி அனுப்பிவிடக்கூடும். கணவன், மனைவி இருவர் பெயரிலும் கடிதம் வருமானால் இருவரின் பெயரும் ஆவணமும் பதிவில் இருக்க வேண்டும். கம்பெனிக்கான பெட்டி என்றால் கம்பெனி விவரமும், கையெழுத்திடுபவரின் ஆவணமும் சேர்ந்து வேண்டும்.

ஆன்லைன் நோட்டரிக்கு 25 டாலர் அளவில் ஆகும். பல தளங்கள் உங்கள் சோஷியல் செக்யூரிட்டி எண்ணை வைத்து, பழைய முகவரி, பழைய கடன் பற்றிக் கேள்வி கேட்டுத்தான் ஆளை உறுதி செய்யும். அந்த எண்ணே இல்லாமல் கம்பெனி மட்டும் பதிந்தவர்கள், வெளிநாட்டவரை ஏற்கும் நோட்டரியா என்று முன்கூட்டியே கேட்டுவிடுங்கள், பணம் கட்டியபின் அல்ல. வேறு வழி, சென்னையில் உள்ள அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் நேரம் வாங்கிப் போய்க் கையெழுத்திடுவது. ஒரு முத்திரைக்கு 50 டாலர். நாகர்கோவிலிலிருந்து ஓர் இரவு ரயிலும் ஆகும். அதனால் இதைக் கடைசி வழியாக வையுங்கள். இன்னும் அங்கே இருப்பவர்கள் கிளம்பும் முன் கடைக்கே நேரில் போய்ப் பணியாளர் முன் கையெழுத்திட்டால் இந்தச் சிரமம் எதுவும் இல்லை. என்னிடம் கேட்கும் எல்லோருக்கும் நான் சொல்வது இதைத்தான்: விமானம் ஏறுவதற்கு இரண்டு மாதம் முன்பே தொடங்குங்கள்.

வீடியோ அழைப்பை இரவு ஏழரைக்கு மேல் வைத்தால் அங்கே காலை. மழைக்காலத்தில் கரண்ட் போகும். இன்வெர்ட்டர் இருந்தாலும் மோடம் அதில் இணைந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு உட்காருங்கள். பாஸ்போர்ட்டை வெளிச்சத்தில் சாய்த்துக் காட்டச் சொல்வார்கள், டியூப்லைட்டுக்குக் கீழே நேராகப் பிடித்தால் படம் பளபளவென்று வெளுத்துவிடும்.

நான்காம் படி: முகவரியை எழுதும் முறை

புதிய முகவரியில் உங்கள் பெயர், தெரு எண், தெரு, பெட்டி எண், ஊர், மாநிலம், ஜிப் கோடு இருக்கும். பெட்டி எண்ணுக்கு முன் 'பி.எம்.பி.' (பிரைவேட் மெயில்பாக்ஸ்) என்றோ எண் குறியோ போட வேண்டும். அதை அபார்ட்மென்ட் என்று எழுதக் கூடாது. கடையே ஒரு சூட்டில், அதாவது பெரிய கட்டடத்தின் ஓர் அலுவலகப் பகுதியில், இருந்தால் சூட் எண்ணும் பெட்டி எண்ணும் சேர்ந்து வரும். கணக்கில் எப்படிக் காட்டுகிறார்களோ அதைப் படியெடுத்துப் போட்டுக்கொள்ளுங்கள். பெட்டி எண் விட்டுப்போனால் நூற்றுக்கணக்கான பேரின் தபாலுக்கு நடுவே உங்கள் கவர் அநாதையாகக் கிடக்கும்.

ஐந்தாம் படி: யாருக்குச் சொல்வது, எந்த வரிசையில்

முதலில் அமெரிக்கத் தபால்துறையின் இணையதளத்தில் பழைய வீட்டு முகவரியிலிருந்து புதியதற்கு மாற்றம் கொடுங்கள். ஆளை உறுதி செய்ய ஒரு டாலரும் சில்லறையும் கார்டில் எடுப்பார்கள். அந்தக் கார்டின் பில்லிங் முகவரி பழைய முகவரியாகவோ புதிய முகவரியாகவோ இருக்க வேண்டும். அதனால் கார்டை இந்திய முகவரிக்கு மாற்றுவதற்கு முன் இதைச் செய்யுங்கள். முதல் வகுப்புத் தபால் 12 மாதம் புதிய முகவரிக்கு அனுப்பப்படும், பத்திரிகைகள் 60 நாள்.

ஆனால் இதை மட்டும் நம்பி இருக்காதீர்கள். வங்கிகளும் கார்டு நிறுவனங்களும் பல கவர்களில் 'ரிட்டர்ன் சர்வீஸ் ரிக்வெஸ்டட்' என்று அச்சிட்டிருப்பார்கள். அந்தக் கவரைத் தபால்துறை புதிய முகவரிக்கு அனுப்பாது, அனுப்பியவருக்கே திருப்பிவிடும். மிக முக்கியமான கவர்கள்தான் பெரும்பாலும் இப்படி வரும். ஆகவே பட்டியலில் உள்ள ஒவ்வொருவருக்கும் நீங்களே தனித்தனியாகச் சொல்லியாக வேண்டும்.

ஐ.ஆர்.எஸ்.ஸுக்குப் படிவம் 8822, கம்பெனிக்கு 8822-பி. முழு வரிப் படிவத்தில் புதிய முகவரியை எழுதினாலும் மாறும், ஆனால் அதுவரை காத்திருக்க வேண்டாம். வருமான வேறுபாடு பற்றிக் கேட்கும் சிபி2000 கடிதத்துக்குப் பதில் தர 30 நாள். வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு 60 நாள். அதற்கு அடுத்த கட்டமான, வரி குறைவாகக் கட்டியிருக்கிறீர்கள் என்று சொல்லும் பற்றாக்குறை அறிவிப்பு வந்தால் வரி நீதிமன்றத்துக்குப் போக 90 நாள். அமெரிக்காவுக்கு வெளியே இருப்பவருக்கு எழுதப்பட்டதென்றால் 150 நாள். கெடு கடிதத்தின் தேதியிலிருந்து ஓடும், நீங்கள் ஸ்கேனைத் திறந்த நாளிலிருந்து அல்ல.

இப்போது வங்கி. முன்பே சொன்ன தொல்லை இதுதான். வங்கிகள் வாடிக்கையாளர் உண்மையில் வசிக்கும் முகவரியைச் சட்டப்படி வைத்திருக்க வேண்டும். உங்கள் புதிய முகவரி ஒரு தபால் கடையினுடையது என்று அவர்களின் கணினிக்குத் தெரியும். அதை வசிக்கும் முகவரி என்று போட்டால் ஏற்காது, ஏற்றாலும் பின்னால் கணக்கை முடக்கக்கூடும். எனவே வசிக்கும் முகவரியாக இந்திய வீட்டையும், தபால் முகவரியாக மெயில்பாக்ஸையும் தனித்தனியாகக் கொடுங்கள். இந்திய முகவரியை ஏற்காத வங்கிகளும் தரகு நிறுவனங்களும் உண்டு. கிளம்பும் முன்பே போன் செய்து கேட்டு, ஏற்காத இடத்திலிருந்து கணக்கை நகர்த்திவிடுங்கள். நண்பரின் வீட்டில் வசிப்பதாகப் பொய் சொல்லச் சிலர் ஆலோசனை தருவார்கள். வேண்டாம். நம் பணத்தை நாமே ஆபத்தில் வைப்பது அது.

கிரீன் கார்டு உள்ள பெற்றோர் குடியேற்றத் துறையின் படிவம் ஏ.ஆர்.-11 மூலம் வீடு மாறிய 10 நாளுக்குள் சொல்ல வேண்டும். அதிலும் வசிக்கும் இடம் வேறு, தபால் முகவரி வேறு.

கம்பெனி பதிந்தவர்களுக்கு ஒரு வார்த்தை. மாநிலச் சட்டம் கேட்கும் ரெஜிஸ்டர்ட் ஏஜென்ட் என்பவர் வழக்கு அறிவிப்புகளை வாங்குபவர். மெயில்பாக்ஸ் அவருக்கு மாற்றல்ல, இரண்டும் வேண்டும். வரி எண் ஒதுக்கி ஐ.ஆர்.எஸ். அனுப்பும் சிபி 575 கடிதம் ஒரே முறைதான் வரும், அதன் மூலக் காகிதத்தைக் கிழிக்கச் சொல்லிவிடாதீர்கள்.

ஆறாம் படி: கவர் வந்தபின்

அங்கே கடை திறந்து வேலை தொடங்கும்போது இங்கே சாயங்காலம் ஆறரை, குளிர்காலத்தில் ஏழரை. கிழக்குக் கரைக் கணக்கு இது. போனில் அறிவிப்பு வரும். திறந்தால் ஒரு கவரின் முன்பக்கம். இடது மேல் மூலையில் அனுப்பியவர், நடுவில் கண்ணாடிக் காகித ஜன்னலுக்குள் உங்கள் பெயர், கீழே சின்னச் சின்னக் கோடுகளாகத் தபால்துறையின் குறியீடு. ஜனவரி கடைசியில் வரும் கவர்களில் 'இம்பார்ட்டன்ட் டாக்ஸ் டாக்குமென்ட் என்க்ளோஸ்டு' என்று பெரிதாக அச்சிட்டிருக்கும். அதை யோசிக்காமல் ஸ்கேன் செய்யச் சொல்லுங்கள். சம்பளக் கணக்கான டபிள்யூ-2 ஜனவரி 31-க்குள் அனுப்பப்பட வேண்டும்; வெளிநாட்டவரின் அமெரிக்க வருமானக் கணக்கான 1042-எஸ் மார்ச் நடுவில் வரும்.

கவரின் மேல் மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறதா என்று எப்போதும் பாருங்கள். பழைய வீட்டு முகவரிக்கு எழுதி, தபால்துறை புதிய முகவரிக்கு அனுப்பிவிட்ட கவரில்தான் அது இருக்கும். அப்படியென்றால் அந்த ஆளிடம் உங்கள் புதிய முகவரி இன்னும் இல்லை. அன்றைக்கே மாற்றுங்கள். முதல் வருடத்தில் எனக்கு இப்படி ஆறு பேர் சிக்கினார்கள், அந்த இருபத்து மூன்றுக்குள் வராதவர்கள். 12 மாதம் முடிந்தால் அந்த ஸ்டிக்கரும் நின்றுவிடும், கவரும் நின்றுவிடும்.

விளம்பரக் கவர்களைத் திறக்காமலே அப்புறப்படுத்தச் சொல்லலாம். கிரெடிட் கார்டு தருகிறோம் என்று பெயர் போட்டு வரும் விளம்பரங்களை மட்டும் குப்பையில் போடச் சொல்லாமல் கிழிக்கச் சொல்லுங்கள்.

அப்பா இந்த ஏற்பாட்டைப் பார்த்தபோது கேட்டது நினைவிருக்கிறது. "மக்ளே, நம்ம லெட்டர அந்நிய ஆளு பிரிச்சுப் படிப்பானே, அது பரவாயில்லையா?" நியாயமான கேள்வி. பிரிப்பவர் படிக்கும் வேலையில் இல்லை, ஸ்கேனரில் வைக்கும் வேலையில் இருக்கிறார் என்று சொன்னேன். ஆனாலும் அப்பா கேட்டது மனதில் நின்றது. அதனால் மருத்துவமனைக் கடிதங்களையும் சோஷியல் செக்யூரிட்டி எண் முழுதாக இருக்கும் காகிதங்களையும் எங்கெல்லாம் முடியுமோ அங்கெல்லாம் ஆன்லைனுக்கு மாற்றிவிட்டேன். அப்படியும் வருபவற்றை ஸ்கேன் எடுத்தவுடன் கிழிக்கச் சொல்கிறேன்.

செக், கார்டு

வாடகை முன்பணம், காப்பீட்டு மீதி, மாநில வரி ரீஃபண்ட் இவை இன்னும் காகித செக்காக வருகின்றன. மத்திய அரசு 2025 செப்டம்பர் 30 முதல் காகித செக்கை நிறுத்தத் தொடங்கிவிட்டது, அதனால் ஐ.ஆர்.எஸ். ரீஃபண்டுக்கு வங்கிக் கணக்கு எண்ணையே கொடுங்கள். மற்ற செக்குகளுக்குப் பல மெயில்பாக்ஸ் சேவைகளில் ஒரு வசதி உண்டு: டெபாசிட் சீட்டோடு செக்கை உங்கள் வங்கிக்கே தபாலில் அனுப்பிவிடுவார்கள். கட்டணம் சில டாலர். தபாலில் டெபாசிட் வாங்குகிறதா, பின்னால் கையெழுத்து இல்லாமல் 'கணக்கில் சேர்க்க மட்டும்' என்று இருந்தால் ஏற்குமா என்று வங்கியிடம் முன்பே கேளுங்கள். ஆறு மாதம் தாண்டிய சாதாரண செக்கை வங்கி மதிக்க வேண்டியதில்லை. அரசுக் கருவூல செக்குக்கு ஒரு வருடம்.

புதிய கிரெடிட் கார்டு வந்தால் கூரியரில் இங்கே வரவழைக்கலாம். செலவு பிடிக்கும். இரண்டு மூன்று காகிதம் சேரும்வரை வைத்திருந்து ஒரே கவரில் அனுப்பச் சொல்வது மேல். இந்திய முகவரியில் செல்போன் எண்ணையும் பின்கோடையும் கட்டாயம் எழுதச் சொல்லுங்கள். நம் மாவட்டம் முழுக்க 629 என்றுதான் தொடங்கும். கடைசி எண்கள் மாறினால் தக்கலைக்குப் போக வேண்டியது குலசேகரத்தில் நிற்கும். பார்சல் என்றால் கூரியர்காரர்கள் சுங்கத்துக்காக அடையாள ஆவணம் கேட்பார்கள், போனை எடுக்காமல் விட்டுவிடாதீர்கள்.

கோப்புகளைச் சேர்த்து வைப்பது

ஸ்கேன் அந்தச் சேவையின் கணக்கில் இருக்கிறது என்று விட்டுவிடாதீர்கள். மாதம் ஒருமுறை எல்லாவற்றையும் இறக்கி, வருடம் வாரியாகக் கோப்புறை போட்டு, ஒரு பிரதியை வெளி ஹார்ட் டிஸ்கில் வையுங்கள். கோப்பின் பெயரில் தேதி, அனுப்பியவர், விஷயம் மூன்றும் இருந்தால் பிறகு தேட எளிது. இந்தியாவில் முழு வரிக் குடியிருப்பாளராக ஆனபின் வருமான வரிப் படிவத்தில் வெளிநாட்டுச் சொத்து அட்டவணையை நிரப்ப வேண்டும். அது டிசம்பர் 31 வரையான காலண்டர் வருடக் கணக்கு. அமெரிக்கக் கணக்குகளின் டிசம்பர் ஸ்டேட்மென்ட் அப்போது கையில் இருந்தால் ஆடிட்டர் வேலை ஒரு மணி நேரத்தில் முடியும்.

கடவுச்சொல் தனியாக இருக்கட்டும், இரண்டாம் கட்டச் சரிபார்ப்பைப் போடுங்கள். அந்தச் சரிபார்ப்பு அமெரிக்க செல் எண்ணுக்குப் போகும்படி விட்டுவிட்டு, எண்ணை ரத்து செய்துவிட்டு வந்து திண்டாடுபவர்கள் பலர். செயலி வழிக் குறியீட்டுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். வீட்டில் இன்னொருவருக்கும் இந்தக் கணக்கு இருப்பது தெரிந்திருக்க வேண்டும். மாதக் கட்டணம் போகும் கார்டு காலாவதியாகும் தேதியை நாட்காட்டியில் குறியுங்கள். கட்டணம் தவறினால் பெட்டி மூடப்படும்.

ஊர்த் தபாலுக்கு

"இங்கே வீட்டைப் பூட்டிவிட்டு அங்கே போகிறோம், இதே வசதி இந்தியாவில் உண்டா?" என்று மகள் வீட்டுக்குக் கிளம்பும் பெரியவர்கள் கேட்கிறார்கள். நகரங்களில் விர்ச்சுவல் ஆபீஸ்கள் உண்டு, அவை பெரும்பாலும் ஜி.எஸ்.டி. பதிவுக்கும் கம்பெனிகளுக்குமானவை. வீட்டுத் தபாலுக்கு, உங்கள் பகுதி அஞ்சலகத்தில் வேறு முகவரிக்குத் திருப்பி அனுப்ப எழுதிக் கொடுப்பதும், பக்கத்தில் உள்ள உறவினர் முகவரியைக் கொடுப்பதுமே வழி. வருமான வரி அறிவிப்புகள் இணையதளத்திலேயே வருகின்றன. மின்னஞ்சலும் செல் எண்ணும் அங்கே சரியாக இருக்கிறதா என்று கிளம்பும் முன் பாருங்கள். 2025-இல் பதிவுத் தபாலை ஸ்பீட் போஸ்ட்டோடு இணைத்துவிட்டார்கள், அனுப்புகிறவரிடம் எண்ணை வாங்கிவிட்டால் எங்கே இருக்கிறது என்று அங்கிருந்தே பார்க்கலாம். பாஸ்போர்ட் உரியவர் கையில்தான் கிடைக்கும், புதுப்பித்தலை வெளியூர்ப் பயணத்தோடு மோத விடாதீர்கள்.

மூடும்போது

அமெரிக்கக் கணக்குகள் எல்லாம் முடிந்து, பெட்டி இனி வேண்டாம் என்று ஒரு நாள் வரும். சாதாரண வீட்டு முகவரி போல இதிலிருந்து தபால்துறையில் முகவரி மாற்றம் கொடுக்க முடியாது. கணக்கை மூடியபின் ஆறு மாதம் வரை வரும் தபாலை உங்களுக்கு அனுப்பும் பொறுப்பு அந்தக் கடைக்கு உண்டு, தபால் செலவு உங்களுடையது. எனவே முதலில் அனுப்புகிறவர்கள் எல்லோரிடமும் முகவரியை மாற்றுங்கள். மூன்று மாதம் ஒரு கவரும் வராமல் இருக்கிறதா என்று பாருங்கள். அந்த மூன்று மாதத்தில் ஒரு ஜனவரியும் பிப்ரவரியும் அடங்கும்படி வைத்துக்கொண்டால், வருடத்துக்கு ஒருமுறை மட்டும் எழுதும் ஆளும் தப்ப மாட்டார். ஸ்கேன்கள் அனைத்தையும் இறக்கி, ஒவ்வொன்றும் திறக்கிறதா என்று சரிபார்த்தபின் மூடும் பொத்தானை அழுத்துங்கள்.